எடை குறைந்த லேப்டாப்: சுமக்கச் சுலபம் சரி, தினசரி வேலைக்கு வேகம் போதுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்தில் ரயிலேறி, கிண்டியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து ஓஎம்ஆர் வரை பையைச் சுமக்கிறவர்கள், ஹாஸ்டலுக்கும் வகுப்புக்கும் நடக்கிற மாணவர்கள், ஆடிட் வேலைக்காக அலுவலகம் அலுவலகமாகப் போகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. கேம் விளையாடுவதற்கென்றே வாங்குகிறவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது.

எத்தனை கிலோ வரை இருந்தால் எடை குறைந்தது என்று சொல்லலாம்?

என் கணக்கில் 1.3 கிலோவும் அதற்குக் கீழும். கடைகளில் அதிகம் விற்கிற 15.6 அங்குல லேப்டாப்கள் பெரும்பாலும் 1.6 முதல் 1.8 கிலோ வரை இருக்கும். 14 அங்குலம் என்றால் 1.4 கிலோவை ஒட்டி வரும். கேமிங் லேப்டாப்கள் 2 கிலோவைத் தாண்டிவிடும். 2008-இல் ஆப்பிள் முதல் மேக்புக் ஏரை அறிமுகப்படுத்தியபோது அதன் எடை 1.36 கிலோ, அன்றைக்கு அது பெரிய செய்தி. 2022-இல் வந்த 13 அங்குல ஏர் 1.24 கிலோ. எல்ஜி கிராம் வரிசையில் 14 அங்குல மாடலே 999 கிராமில் வந்திருக்கிறது. ஜப்பானில் புஜித்சு 634 கிராமுக்கு ஒரு 13.3 அங்குல லேப்டாப்பை விற்றது.

ஸ்பெக் ஷீட்டில் எடை போட்டிருக்கும் இடத்தை நிதானமாகப் படியுங்கள். "1.29 கிலோ முதல்" என்று இருந்தால், அது சிறிய பேட்டரியும் டச் இல்லாத ஸ்க்ரீனும் உள்ள மாடலின் எடை. நீங்கள் வாங்கப்போகும் மாடல் நூறு, நூற்றைம்பது கிராம் கூடுதலாக இருக்கலாம்.

அதைவிட முக்கியம், சார்ஜரையும் சேர்த்துக் கணக்குப் போடுவது. பழைய பாணி வட்டப் பின் சார்ஜர், வயரோடு சேர்த்து 300 கிராமை நெருங்கும். கேமிங் லேப்டாப் சார்ஜர் அரை கிலோவுக்கு மேல் போகும். 1.3 கிலோ லேப்டாப்பை வாங்கிவிட்டு, பேட்டரி மதியம் வரைகூடத் தாங்காததால் தினமும் சார்ஜரையும் சுமந்தால், நீங்கள் உண்மையில் சுமப்பது 1.6 கிலோ.

எடை குறைந்தால் வேகமும் குறைந்துவிடும்தானே?

பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் உங்கள் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒரு உதாரணம். இன்டெலின் ஐ5-1235யு ப்ராசஸர் மெல்லிய லேப்டாப்களில் நிறைய வந்தது. அதன் அடிப்படை மின்சக்தி 15 வாட். ஆனால் தேவைப்படும்போது கொஞ்ச நேரத்துக்கு 55 வாட் வரை எடுத்துக்கொள்ள இன்டெல் அனுமதிக்கிறது. நீங்கள் ஒரு எக்செல் ஃபைலைத் திறக்கிறீர்கள், பிரவுசரில் புது டேப் போடுகிறீர்கள், பிடிஎஃப்-இல் ஒரு சொல்லைத் தேடுகிறீர்கள். இவை எல்லாமே சில நொடி வேலைகள். அந்தச் சில நொடியில் ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடி வேலையை முடித்துவிட்டு மறுபடி அடங்கிவிடுகிறது. சூடு ஏறுவதற்குள் வேலையே முடிந்துவிடும். இந்த மாதிரி வேலைகளில் 1.2 கிலோ லேப்டாப்புக்கும் 2.3 கிலோ லேப்டாப்புக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது அரை மணி நேரக் கல்யாண வீடியோவை எடிட் செய்து எக்ஸ்போர்ட் போடுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் அதே வேகம் இருக்கும். பிறகு சூடு வெளியேற வழியில்லாமல் ப்ராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு 15, 20 வாட்டில் வந்து நிற்கும். கனமான லேப்டாப்பில் பெரிய ஃபேனும் தடித்த செப்புக் குழாய்களும் இருப்பதால் அது 45 வாட்டிலேயே கடைசிவரை ஓடும். எடை உங்களுக்கு வாங்கித் தருவது இந்த நீடிக்கும் வேகத்தைத்தான்.

ஆகவே "எனக்கு எவ்வளவு வேகம் வேண்டும்" என்று யோசிப்பதை விட்டுவிட்டு, "என் வேலையிலேயே கனமான வேலை ஒரே மூச்சில் எத்தனை நிமிஷம் ஓடுகிறது" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷத்துக்குள் முடிகிற வேலைகள்தான் என்றால் தயங்காமல் எடை குறைந்ததை வாங்குங்கள். தினமும் பத்து, இருபது நிமிஷம் விடாமல் ஓடும் வேலை இருந்தால் எடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் அப்படி வரும் என்றால், அந்த ஒரு நாள் கூடுதலாகக் காத்திருக்கலாம். அதற்காக மாதம் முழுக்கத் தோளை வருத்த வேண்டாம்.

அப்படியானால் அன்றாட வேலையில் லேப்டாப் ஹேங் ஆவது ஏன்?

பெரும்பாலும் ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி, போதாததால். விண்டோஸ் 11 திறந்து நின்றாலே 3, 4 ஜிபி எடுத்துக்கொள்கிறது. பிரவுசரில் இருபது டேப், டீம்ஸ் மீட்டிங், வாட்ஸ்அப், ஒரு எக்செல் எல்லாம் சேர்ந்தால் 8 ஜிபி நிரம்பிவிடும். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி-யை ரேம் மாதிரிப் பயன்படுத்தத் தொடங்கும். அது ரேமைவிட மெதுவானது. டேப் மாற்றும்போது ஒரு நொடி உறைந்து நிற்கிறதே, அது அங்கிருந்துதான் வருகிறது. ப்ராசஸரை மாற்றினாலும் அது போகாது.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெல்லிய லேப்டாப்பில் ஸ்க்ரீனுக்கு வேண்டிய மெமரியும் இதே ரேமிலிருந்துதான் போகிறது. 8 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் முழு எட்டும் உங்கள் கைக்கு வராது.

2026-இல் 8 ஜிபி லேப்டாப் வாங்காதீர்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. ஐ7 8 ஜிபி, ஐ5 16 ஜிபி இரண்டும் ஒரே விலைக்கு வந்தால் ஐ5-ஐ எடுங்கள். மைக்ரோசாஃப்ட் தன் கோபைலட் பிளஸ் என்ற ஏஐ வசதியுள்ள லேப்டாப்களுக்குக் குறைந்தபட்சமே 16 ஜிபி என்று வைத்திருக்கிறது. பல வருஷம் 8 ஜிபியில் பிடிவாதமாக நின்ற ஆப்பிளும் 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் தொடக்க மாடலை 16 ஜிபிக்கு உயர்த்தியது.

"இப்போதைக்கு 8 ஜிபி எடுங்க சார், அப்புறம் ரேம் போட்டுக்கலாம்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

மாடலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மிக மெல்லிய லேப்டாப்களில் ரேம் சிப்களை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் அதில் ஒன்றும் சேர்க்க முடியாது. ஸ்பெக் ஷீட்டில் ரேம் வகைக்கு முன்னால் "எல்பி" என்று தொடங்கி எல்பிடிடிஆர்4எக்ஸ், எல்பிடிடிஆர்5 என்று போட்டிருந்தால் அநேகமாக அந்த ரகம். வெறும் டிடிஆர்4, டிடிஆர்5 என்று போட்டு, சோடிம் ஸ்லாட் (ரேம் ஸ்டிக்கைச் செருகும் இடம்) என்றும் குறிப்பிட்டிருந்தால் போட்டுக்கொள்ளலாம். சிலதில் 8 ஜிபி சால்டர் செய்து, கூடவே ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும்.

கடையில் டெமோ பீஸ் ஓடிக்கொண்டிருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொடுங்கள். "ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2" என்று இருந்தால் ஒரு இடம் காலி. அதற்குக் கீழே "ஃபார்ம் ஃபேக்டர்" என்ற வரியில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் சால்டர் செய்தது.

ஒற்றை ரேம் ஸ்டிக்கோடு விற்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. இன்டெல் ப்ராசஸருக்குள்ளேயே வரும் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸுக்கு இரண்டு சேனல் ரேம், அதாவது இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் டேட்டா தரும் ரேம், வேண்டும். ஒரே ஸ்டிக் இருந்தால் அதே சிப் வெறும் யூஎச்டி கிராபிக்ஸாகத்தான் ஓடும், பெயரும் அப்படித்தான் காட்டும். இரண்டாவது ஸ்டிக் போட்டால் ரேமும் கூடும், கிராபிக்ஸ் வேகமும் ஏறும். ஆனால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவது முன்பு மாதிரி லாபமில்லை.

ஐ3, ஐ5, ஐ7, ரைசன் 5... பெயரைப் பார்த்து எப்படி முடிவு செய்வது?

முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். அதற்குப் பின்னால் வரும் முழு எண்ணையும் கடைசி எழுத்தையும் பாருங்கள்.

ஏஎம்டி-யிலிருந்து மூன்று ப்ராசஸர்களை எடுத்துக்கொள்வோம்: ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு, ரைசன் 5 7540யு. பார்த்தால் ஒரே குடும்பம் போலத் தெரியும். ஆனால் 7520யு-வில் இருப்பது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, நான்கு கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்). 7530யு-வில் ஜென் 3, ஆறு கோர். 7540யு-வில் ஜென் 4, ஆறு கோர். மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்று சொல்கிறது. ஜென் 2 முதலில் வந்தது 2019-இல். "ரைசன் 5, 7000 சீரிஸ், ஆஃபர் விலை" என்று விளம்பரம் வந்தால் அந்த மூன்றாவது இலக்கத்தைத் தேடிப் பாருங்கள்.

இன்டெலிலும் இதே கதை உண்டு. ஐ3-1215யு-வில் இரண்டு பெரிய கோர், நான்கு சிறிய கோர். ஐ3-என்305-இல் எட்டு கோர் என்று போட்டிருக்கும், எட்டும் சிறியவை. எண்ணிக்கையைப் பார்த்து இரண்டாவது பெரியது என்று நினைக்கத் தோன்றும். ஒரு பக்கத்தைத் திறப்பது, ஒரு ஆப்பைத் தொடங்குவது போன்ற வேலைகள் ஒன்றிரண்டு கோரை மட்டுமே நம்பியிருப்பவை. அங்கே பெரிய கோர் உள்ளதுதான் சுறுசுறுப்பாக இருக்கும்.

கடைசி எழுத்து யு என்றால் மின்சாரம் சிக்கனமானது, மெல்லிய லேப்டாப்புக்கானது. எச் என்றால் 45 வாட் வகை. 1.4 கிலோ லேப்டாப்பில் எச் ப்ராசஸரைத் திணித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்த உடம்பு அந்தச் சூட்டைத் தாங்காது, ஃபேன் சத்தமும் பேட்டரி இழப்பும்தான் மிஞ்சும். இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசை 2024-இல் வந்தது. ரேமையே ப்ராசஸரோடு ஒரே பொதியில் வைத்த இந்த வரிசை, எடை குறைந்த விண்டோஸ் லேப்டாப்களின் பேட்டரி பிரச்சினையைப் பெருமளவு சரிசெய்தது. பட்ஜெட் இடம் கொடுத்தால் அதைப் பரிசீலிக்கலாம். 16 அல்லது 32 ஜிபியில் மட்டும் வரும், பிறகு கூட்ட முடியாது.

மேக்புக் ஏரில் ஃபேனே இல்லையாமே. சென்னை வெயிலுக்குத் தாங்குமா?

தாங்கும், ஒரு நிபந்தனையோடு. ஆப்பிள் சிப்கள் வந்த 2020-இலிருந்து ஏரில் ஃபேன் கிடையாது. எழுதுவது, படிப்பது, மீட்டிங், கோடிங் எல்லாவற்றிலும் சத்தமே இல்லாமல் ஓடும். பேட்டரியும் நாள் முழுக்க வரும். ஆனால் ஆப்பிளே குறிப்பிடும் இயங்கு வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரைதான். மே மாதம் ஏசி இல்லாத மாடி அறையில் இந்த எல்லை தாண்டிவிடும். அப்போது நீண்ட வேலை கொடுத்தால் வேகம் இறங்கும். கெட்டுப்போகாது, மெதுவாகும். படுக்கையிலும் தலையணையிலும் வைக்காமல் மேஜையில் வைத்து வேலை செய்தால் நல்லது.

வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் எந்த லேப்டாப்பையும் விடாதீர்கள். சூடு பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும்.

இன்னொன்று. கணக்கு எழுதும் டேலி மேக்கில் நேரடியாக ஓடாது. சாலிட்வொர்க்ஸ், ரெவிட் போன்ற டிசைன் சாஃப்ட்வேர்களும் விண்டோஸுக்கு மட்டும்தான். உங்கள் வேலை இவற்றில் இருந்தால் மேக் பற்றிய பேச்சே வேண்டாம்.

பேட்டரி "18 மணி நேரம்" என்று போட்டிருக்கிறார்கள். உண்மையில் எவ்வளவு வரும்?

மணிக்கணக்கை ஒதுக்கிவிட்டு, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட் ஹவர் எண்ணைப் பாருங்கள். வெளிச்சத்தைப் பாதியில் வைத்து பிரவுசரும் வேர்டும் மட்டும் ஓடினால் ஒரு சாதாரண விண்டோஸ் மெல்லிய லேப்டாப் 6 முதல் 8 வாட் வரை எடுக்கும். 50 வாட் ஹவர் பேட்டரி என்றால் ஆறு முதல் எட்டு மணி நேரம். வீடியோ மீட்டிங் போட்டால் இது பாதியாகக்கூடச் சுருங்கலாம். 40-க்குக் கீழே பேட்டரி வைத்து எடையைக் குறைத்திருக்கும் மாடல்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. அங்கே மிச்சமான 100 கிராமுக்குப் பதிலாக 300 கிராம் சார்ஜர் உங்கள் பையில் ஏறிக்கொள்ளும்.

விமானத்தில் போகிறவர்களுக்கு: 100 வாட் ஹவர் வரை உள்ள பேட்டரியைத் தனி அனுமதி இல்லாமல் கைப்பையில் கொண்டுபோகலாம். எடை குறைந்த லேப்டாப்கள் எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

போன் சார்ஜரிலேயே லேப்டாப்பையும் சார்ஜ் செய்யலாமா?

லேப்டாப்பின் டைப்-சி போர்ட் சார்ஜிங்கை ஏற்க வேண்டும். எல்லா டைப்-சி போர்ட்டும் ஏற்காது, சிலது டேட்டாவுக்கு மட்டும்தான். ஏற்றால், சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் உள்ள அவுட்புட் வரியைப் படியுங்கள். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால் அது 65 வாட், பெரும்பாலான மெல்லிய லேப்டாப்களுக்குப் போதும். சில போன் சார்ஜர்களில் பெரிதாக 67, 80 வாட் என்று எழுதியிருக்கும். அந்த வேகம் அந்தக் கம்பெனி போனுக்கு மட்டுமே; லேப்டாப்புக்கு அதில் பாதிகூட வராமல் போகலாம். பவர் டெலிவரி (பல கம்பெனிக் கருவிகளுக்கும் பொதுவான டைப்-சி சார்ஜிங் முறை) வசதியுள்ள சிறிய 65 வாட் கேன் (GaN, காலியம் நைட்ரைடு) சார்ஜர் ஒன்றை வாங்கிவிட்டால் போன், லேப்டாப் இரண்டுக்கும் ஒன்றே போதும். எடையும் 150 கிராமுக்குள் முடிந்துவிடும். பையின் எடையைக் குறைக்க இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியவில்லை.

ஸ்க்ரீன் 13 அங்குலமா, 14-ஆ, 15.6-ஆ?

தினமும் சுமப்பவருக்கு 14. உயரம் கூடிய 16:10 ஸ்க்ரீனாக இருந்தால் பக்கத்தில் கூடுதல் வரிகள் தெரியும். நாள் முழுக்க எண்களை அடிக்கிற கணக்காளர்களுக்கு நம்பர் பேட் இல்லாதது உறுத்தும். யுஎஸ்பி நம்பர் பேட் ஒன்றை அலுவலக மேஜையில் போட்டுவிடுங்கள்.

விலையைக் குறைக்க முதலில் கை வைக்கிற இடம் ஸ்க்ரீன்தான். 250 நிட்ஸ் (வெளிச்ச அளவு), 45 சதவீத என்டிஎஸ்சி (நிறங்களைக் காட்டும் அளவு) என்று இருந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எழுத்து மங்கும், நிறம் வெளிறும். 300 நிட்ஸுக்கு மேல், நிறத்துக்கு 100 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று தேடுங்கள்.

ஸ்னாப்டிராகன் லேப்டாப்கள் எடை குறைவு, பேட்டரியும் நன்றாக வருகிறது. வாங்கலாமா?

பிரவுசர், ஆபீஸ், மீட்டிங் என்று வேலை அடங்கிவிடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். 2024 ஜூனில் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் வரிசை இந்த வேலைகளில் நன்றாகவே ஓடுகிறது. இது இன்டெல், ஏஎம்டி வகையல்ல, ஆர்ம் என்ற வேறு வகைச் சிப். அவற்றுக்காக எழுதிய பழைய சாஃப்ட்வேர்களையும் இடையில் மொழிமாற்றி ஓட்டிவிடும். பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர்களை மட்டும் அப்படி ஓட்ட முடியாது. ஆர்ம் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதனால் ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர்கள் தங்கள் டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி கருவி), பழைய பிரிண்டர், ஸ்கேனர் மூன்றுக்கும் ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே பணத்தை எடுக்கவும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளில் டோக்கன் தெரியவில்லை என்றால் எந்த பேட்டரியும் உதவாது.

மகன் இன்ஜினீயரிங் சேர்கிறான். கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்கிறான்.

எந்தப் பிரிவு என்று முதலில் கேளுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி என்றால் நான்கு வருஷமும் செய்யப்போகிற பைத்தான், ஜாவா, வெப் புரோகிராமிங் எல்லாவற்றுக்கும் 16 ஜிபி உள்ள எடை குறைந்த லேப்டாப் போதும். டீப் லேர்னிங் பாடம் வரும்போது கூகுள் கோலாப் போன்ற இலவசச் சேவையில் கிராபிக்ஸ் கார்டு கிடைக்கிறது. மெக்கானிக்கல், சிவில், ஆர்கிடெக்சர் என்றால் அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெரிய முப்பரிமாண மாடல்களைச் சுழற்றிப் பார்க்கத் தனி கிராபிக்ஸ் கார்டு உண்மையில் உதவும்.

ஆனால் 2.4 கிலோ லேப்டாப்பும் அரை கிலோ சார்ஜரும் சேர்ந்தால் பையன் அதை வகுப்புக்கு எடுத்துப் போக மாட்டான். ஹாஸ்டல் மேஜையிலேயே கிடக்கும். லைப்ரரியிலும் லேபிலும் கூடவே இருக்கிற லேப்டாப்பில்தான் படிப்பு நடக்கும். விளையாடவும் ஆசை இருந்தால், அடக்கமான கிராபிக்ஸ் கார்டோடு 1.6 கிலோவை ஒட்டி வரும் 14 அங்குல மாடல்கள் சில இருக்கின்றன. விலை கூடுதல், ஆனாலும் அவற்றைப் பார்க்கச் சொல்வேன்.

எடை குறைந்தது சீக்கிரம் உடைந்துவிடாதா?

எடையைவிட என்ன பொருளில் செய்தார்கள் என்பதுதான் முக்கியம். மெக்னீசியம் கலவை, கார்பன் ஃபைபர் இரண்டும் எடை குறைவு, உறுதியும் உண்டு. அழுத்தினால் லேசாக வளையும், அது குறையில்லை. நெரிசலான ரயிலில் ஆபத்து, மூடிய பையின் மேல் விழும் அழுத்தம்தான். சார்ஜரையோ சாப்பாட்டு டப்பாவையோ லேப்டாப்பின் முதுகில் படும்படி வைத்தால் ஸ்க்ரீனில் கோடு விழும். "ராணுவத் தரச் சோதனை" என்று போட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் எந்தெந்தச் சோதனை செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

புதிதாக வாங்கப் பணமில்லை. செகண்ட் ஹேண்டில் எடை குறைந்தது கிடைக்குமா?

கிடைக்கும், தரமானதே கிடைக்கும். கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் பயன்படுத்திவிட்டுத் தள்ளும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வரிசைகளில் பல மாடல்கள் 1.3 கிலோவைச் சுற்றி இருக்கும். கீபோர்டும் உடம்பும் அதே விலையில் வரும் புதுசைவிட நன்றாக இருக்கும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக அங்கிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பேட்டரி மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே பேசுங்கள். பயாஸ் பாஸ்வேர்டு (விண்டோஸ் தொடங்கும் முன்பே கேட்கும் பூட்டு) இல்லை என்பதைக் கடையிலேயே ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

வாங்கும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே பெயரில் நாலைந்து மாடல்கள் இருக்கும், ரேமும் ஸ்க்ரீனும் பேட்டரியும் வேறு வேறாக. அதனால் பில்லில் பெயர் மட்டும் போதாது, முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண்ணோடு அதை ஒப்பிட்டுவிட்டு, கம்பெனி வெப்சைட்டில் அதே எண்ணைப் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கடையிலேயே பாருங்கள். மாதக்கணக்கில் முன்தேதி காட்டினால், பில் தேதிக்கு மாற்றித் தரச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள். தொழிலுக்கு வாங்குகிறவர்கள் பில்லில் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்ல மறக்க வேண்டாம். 18 சதவீத வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்து, தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்.

பெரிய ஊருக்கு வெளியே இருப்பவர்கள், வீட்டுக்கே ஆள் வரும் ஆன்சைட் வாரண்டி தங்கள் பின்கோடுக்கு உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த லேப்டாப்களில் கீபோர்டு கெட்டால்கூட மேல் பாகம் முழுக்கக் கழற்ற வேண்டியிருக்கும். தெருமுனைக் கடையில் முடிகிற வேலையில்லை.